ராத்திரி இட்லிக் கடையையும் நினைச்சு ரூல் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்துல ஓட்டல் தொழில் எப்படி தாக்குப்பிடிச்சதுன்னு நீங்க போட்டிருந்த கட்டுரைய படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா அதுல வந்ததெல்லாம் ஏசி ஹால், பாதி சீட்டு, ஆன்லைன் ஆர்டர்னு பெரிய ஓட்டல்காரங்க பாடு. நாங்க மதுரைல பெரியாஸ்பத்திரி பக்கத்துல சின்னதா ஒரு இட்லிக் கடை வச்சிருக்கோம், நானும் என் வீட்டுக்காரரும் தான் முதலாளி, வேலையாள் எல்லாம். சாயங்காலம் அடுப்ப பத்தவச்சா நடுராத்திரி வரைக்கும் ஓடும். எங்கள மாதிரி ராத்திரி கடைகளுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது எழுதணும்ல, அதான் எழுதுறேன்.

எங்களுக்கு பெரிய பிரச்சனை ஊரடங்கு இல்லைங்க, நோய் பரவுறப்ப அது வேணும்னு எங்களுக்கும் தெரியும், ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கோம், கண்ணால பாத்தோம். பிரச்சனை நேரம். 2021 மே மாச ஊரடங்குல பார்சல் மட்டும் குடுக்கலாம், காலைல 6ல இருந்து 10, மத்தியானம் 12ல இருந்து 3, ராத்திரி 6ல இருந்து 9ன்னு நேரம் வச்சாங்க. மூணு வேளையும் ஓடுற ஓட்டலுக்கு இது சரி. ராத்திரி மட்டும் ஓடுற கடைக்கு வியாபாரமே 9 மணிக்கு மேல தான். வார்டுல நோயாளிக்கு துணைக்கு இருக்கிறவங்க டாக்டர் வந்து போன பிறகு, மருந்து வாங்கிக் குடுத்துட்டு, அப்புறம் தான் தன் வயித்த நினைப்பாங்க. தேனி, ராமநாதபுரம்னு எங்கெங்க இருந்தோ வந்தவங்க, இங்க சமைக்க இடமும் கிடையாது. தூக்குவாளிய கைல வச்சுக்கிட்டு பாதி இறக்குன ஷட்டர் முன்னாடி வந்து நிப்பாங்க, உள்ள இட்லி இருக்கும், நேரம் 9 தாண்டிருக்கும், குடுத்தா கேஸ், குடுக்கலன்னா அவங்க பட்டினி. அந்த ஆளு மூஞ்சிய பாத்துட்டு ஷட்டர இறக்குறது இருக்கே, அது பணம் நஷ்டமானத விட வலிச்சதுங்க.

அடுத்தது மாவு. முந்தின ராத்திரி அரிசி உளுந்து ஊறப்போட்டு விடியக்காலைல கிரைண்டர்ல ஆட்டுனா தான் சாயங்காலத்துக்கு பொங்கி நிக்கும். 2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவில பேசி 12 மணில இருந்து நாடு முழுக்க ஊரடங்குன்னாரு, அப்ப ஆட்டுன மாவும் ஊறப்போட்ட அரிசியும் எங்க போகும்? மதுரை வெயில்ல மாவு மறுநாளே புளிச்சிரும், ஊத்தப்பம் பணியாரம்னு எவ்வளவு தான் ஊத்துறது, மிச்சத்த அக்கம்பக்கத்துல குடுத்தோம். மொத தடவை யாருக்கும் ஒண்ணும் தெரியாது, அத குத்தம் சொல்லல.

கடைய விடக்கூடாதுன்னு நாங்களும் எவ்வளவோ மாத்திக்கிட்டோம். தேங்கா சட்னி பார்சல்ல கட்டுனா வீடு போறதுக்குள்ள ஒரு மாதிரி ஆயிரும், அதனால காரச் சட்னியும் பொடியும் மட்டும் வச்சோம். பாத்திரம் கொண்டு வர்றவங்களுக்கு ஒரு கரண்டி சாம்பார் கூட ஊத்துனோம், எங்களுக்கும் கவர் காசு மிச்சம். இதுக்கெல்லாம் நடுவுல எண்ணெய் விலை வேற ஏறிக்கிட்டே போச்சு, அதுக்காக இட்லி விலைய ஏத்த மனசு வரல, வாங்குறவங்களும் வேலை இல்லாம தான இருந்தாங்க.

கடன் குடுத்தாங்களேன்னு கேப்பீங்க. தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபா கடன் திட்டம் 2020 ஜூன்ல வந்துச்சு, தள்ளுவண்டி வச்சிருக்கிற தெரிஞ்சவங்க வாங்குனாங்க, அவங்களுக்கு உண்மையிலயே உதவுச்சு. ஆனா நாங்க வாடகைக் கடை, தெருவோரம் இல்ல. தொழில் நடத்துறவங்களுக்குன்னு வந்த அவசர கடன் திட்டமோ 2020 பிப்ரவரி 29ல பேங்க்ல கடன் பாக்கி இருந்தவங்களுக்கு, அந்த பாக்கில 20 சதவீதம். பேங்க்ல கடனே வாங்காம கைக்காசுல கடை நடத்துனவங்க எங்க போறது? வாடகைய மட்டும் யாரும் நிறுத்தல. கடைசில தோடு தான் அடகுக்கு போச்சு, இன்னும் மீட்கல.

2022 ஜனவரில மறுபடி ராத்திரி 10ல இருந்து காலைல 5 வரைக்கும் ஊரடங்கு, ஞாயித்துக்கிழமை முழு ஊரடங்குன்னு போட்டாங்க. ஆனா அந்த தடவை ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க, பார்சலும் காலைல 7ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் குடுக்கலாம்னு விட்டாங்க. அதுக்கு மனசார நன்றி, 9 மணிக்கு மேல கூட கிடைச்ச அந்த ஒரு மணி நேரத்துல எத்தன பேருக்கு சாப்பாடு போச்சுன்னு எங்களுக்கு தான் தெரியும்.

நான் கேக்குறது இவ்வளவு தான். இனி எப்ப ஊரடங்கு போட்டாலும் அத மாதிரி ரெண்டு நாள் முன்னாடியாவது சொல்லுங்க. அப்ப பெரிய ஆஸ்பத்திரிகள சுத்தி இருக்கிற சாப்பாட்டுக் கடைகளுக்கு ராத்திரி 11 வரைக்கும் பார்சலுக்கு தனி அனுமதி குடுங்க, வேணும்னா கலெக்டர் ஆபீஸ்ல பேர் பதிஞ்சு அட்டை வாங்கிக்கிறோம், தடுப்பூசி சர்டிபிகேட்டும் காட்டுறோம். தெருவோர வியாபாரிகளுக்கு குடுத்த மாதிரி கடன வாடகைக் கடைல இருக்கிற எங்கள மாதிரி ஆளுகளுக்கும் குடுங்க, மாசாமாசம் கட்டிருவோம். உங்க பத்திரிகைய அதிகாரிகள் படிப்பாங்க, தயவுசெஞ்சு இத போடுங்க.

இப்படிக்கு,
இட்லிக் கடை நடத்தும் வாசகி,
மதுரை.