தலை அசைகிறதா என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கை அசையாதவர்கள் கண்ணாலேயே கணினியை இயக்கலாம் என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. அதைப் படித்துவிட்டு ஆசையாகக் கருவி வாங்குகிறவர்களில் பலர் சில வாரங்களில் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் பழுது ஒன்றும் இருப்பதில்லை. எதைக் கொண்டு சுட்டுவது, எதைக் கொண்டு கிளிக் செய்வது என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக யோசிக்காமல் எல்லாவற்றையும் கண்ணின் தலையில் கட்டுவதுதான் கோளாறு. இனி இது பற்றிச் செய்தி போடும்போது நடைமுறை விவரங்களையும் சேர்த்துப் போட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

கண் அசைவைத் தொடரும் கருவி, திரையின் கீழ் விளிம்பில் பொருத்தும் ஒரு மெல்லிய பட்டை. அதிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணின் முன்பரப்பில் பட்டுச் சிறு புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளிக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கேமரா அளந்து, பார்வை திரையில் எங்கே விழுகிறது என்று கணக்கிடும். எல்லாம் ஒழுங்காக அமைந்தாலும் அரை பாகை முதல் ஒரு பாகை வரை பிசகும். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் ஒரு பாகை என்பது திரையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 24 அங்குல முழு எச்டி திரையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 36 பிக்சல். படிவங்களில் டிக் போடும் கட்டமோ பெரும்பாலும் 13 பிக்சல்தான், நான்கு மில்லிமீட்டர்கூட வராது. விலை கூடிய கருவி வாங்கினாலும் இந்தக் கட்டத்தைக் கண்ணால் மட்டும் குறிவைக்க முடியாது. ஒரே இடத்தை உற்றுப் பார்க்கும்போதும் கண் நுண்ணியதாகத் துடித்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு தொல்லை பார்த்ததெல்லாம் கிளிக் ஆவது. தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் அரசனின் பெயரையே இதற்கு 1990-இல் ராபர்ட் ஜேக்கப் என்ற ஆய்வாளர் வைத்தார். கண் படிப்பதற்கும் தேடுவதற்கும் உள்ள உறுப்பு. அதையே விரலாகவும் ஆக்கினால், ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு சன்னல்கள் திறந்து ஒன்று மூடியிருக்கும்.

ஆகவே கழுத்து ஓரளவு திரும்பும் என்றால் தலையிலிருந்து தொடங்குங்கள், அதாவது தலை அசைவைக் கேமரா பார்த்துத் திரையிலுள்ள அம்புக்குறியை, அதாவது கர்சரை, நகர்த்தட்டும். இதற்குச் சாதாரண வெப்கேம் போதும், 640க்கு 480 பிக்சல் தந்தாலே வேலை நடக்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் இவியாகேம் என்ற நிரல் இலவசம். பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸும் இலவசம்தான். கூகுள் 2023-இல் வெளியிட்ட கேம்ஃபேஸ் புருவம் உயர்த்துவது, வாய் திறப்பது போன்ற முக அசைவுகளைக் கிளிக்காக மாற்றித் தருகிறது. மேக் கணினியில் 2020 முதல் தலைச் சுட்டி வசதி உள்ளேயே இருக்கிறது.

நிரலைத் திறந்ததும் முதலில் மாற்ற வேண்டியது வேகம். தலையை மேலும் கீழும் அசைப்பது பக்கவாட்டில் திருப்புவதைவிடக் கடினம். ஆகவே செங்குத்து வேகத்தைக் கிடைமட்ட வேகத்தைவிடச் சற்றுக் கூட்டி வையுங்கள். திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போகும்போது கண்கள் திரையை விட்டு விலகாத அளவு திருப்பமே போதுமானது. கழுத்து அதைவிட அதிகம் திரும்ப வேண்டியிருந்தால் வேகம் போதவில்லை என்று பொருள். கர்சர் நடுங்கினால் அதன் ஓட்டத்தை மென்மையாக்கும் அளவைக் கூட்டலாம், ஆனால் ஒவ்வொரு படி கூட்டும்போதும் கர்சர் கொஞ்சம் பின்தங்கி வரும். நடுக்கம் உள்ளவர்களுக்கு அந்தத் தாமதம் பரவாயில்லை. மற்றவர்களுக்கு அது குறியைத் தாண்டிப் போக வைக்கும்.

பத்து நிமிடம் பழகியதும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஒன்று: நேராகத்தான் பார்க்கிறேன், கர்சர் ஏன் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது? வெப்கேம் நிரல்களில் பல, தலை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு நகர்ந்தது என்றுதான் பார்க்கின்றன. அதனால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். இதற்குக் கைவைத்தியம் எளிது. கர்சர் ஒதுங்கிய பக்கமே தலையைத் திருப்பி, அது திரையின் விளிம்பில் முட்டிய பிறகும் இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். கர்சர் அங்கேயே நிற்கும், தலை மட்டும் நகரும். பிறகு நேராகத் திரும்பினால் கர்சர் நடுவுக்கு வந்துவிடும். ஒரு முறையில் சரியாகாவிட்டால் மறுபடி செய்யலாம். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்காததால் கைவிட்டவர்கள் அநேகம்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரவேண்டும். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகம் இருண்டு, கேமரா அதைத் தொடரத் தடுமாறும். அறையிலேயே வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 30 படம் வரவேண்டிய இடத்தில் 10, 15 தான் வரும், கர்சர் தத்தித் தத்திப் போகும். கணினி மெதுவாகிவிட்டது என்று பழிபோடுவதற்கு முன் ஒரு விளக்கை முகத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள்.

கிளிக்குக்கு இரண்டு வழி. ஒன்று, கர்சரை ஓரிடத்தில் சிறிது நேரம் நிறுத்தினால் தானே கிளிக் ஆவது. இதை ஒரு நொடி அல்லது 1.2 நொடியில் தொடங்கி, பழகப் பழக 0.7 வரை குறைக்கலாம். எடுத்த எடுப்பில் அரை நொடி வைத்தால் தவறான கிளிக்குகள் பெருகும். மற்றது, விரல், கால், கன்னம் என்று ஏதாவது ஓரிடத்தில் மிச்சமிருக்கும் அசைவுக்கு ஒரு சுவிட்ச் தருவது. இயலுமானால் இதுவே மேல். ஸ்டீபன் ஹாக்கிங் கண்ணால் கணினியை இயக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பல ஆண்டுகள் பயன்படுத்தியது கன்னத் தசையின் அசைவை உணரும் ஓர் அகச்சிவப்பு உணரியை. அந்த ஒற்றை அசைவுதான் அவருக்குக் கிளிக்.

சுவிட்சை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பயன்படாத யூஎஸ்பி மவுஸ் ஒன்றைத் திறந்து, இடது பொத்தானின் அடியில் உள்ள நுண்சுவிட்சின் முனைகளை மல்டிமீட்டரால் சோதியுங்கள். அழுத்தும்போது மட்டும் இணையும் இரண்டு முனைகளில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, 3.5 மி.மீ. மோனோ சாக்கெட்டுக்குக் கொண்டுபோங்கள். பற்றவைக்கும்போது மவுஸ் கணினியில் செருகியிருக்கக் கூடாது. இனி எந்த அழுத்து சுவிட்சைச் செருகினாலும் அது இடது கிளிக். விண்டோஸ் ஒரே நேரத்தில் இரண்டு சுட்டும் கருவிகளை ஏற்றுக்கொள்ளும் என்பதால் தலை கர்சரை நகர்த்த, இந்த மவுஸ் கிளிக் செய்யும். அதன் அடியிலுள்ள ஒளிக்கண்ணை மட்டும் நாடாவால் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் நகரும்போதெல்லாம் கர்சர் இழுபடும்.

தலையும் அசையாதவர்களுக்குக் கண்தான் வழி. தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயில் மற்ற தசைகள் தளர்ந்த பின்னும் கண் அசைவு பெரும்பாலும் நெடுநாள் நிற்கிறது. அங்கே கண் கருவி உயிர்நாடி, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் பொருத்துவதில் கவனம் வேண்டும். திரை முகத்துக்கு நேராக இருக்கவேண்டும். சாய்ந்து படுத்திருந்தால் திரையும் அதே கோணத்தில் சாய வேண்டும், தலை ஒருபக்கம் சரிந்திருந்தால் திரையும் அப்படியே சரிய வேண்டும். மேசைமேல் வைத்த திரையைப் படுக்கையிலிருந்து பார்க்கச் சொன்னால், மேல் இமை கண்மணியில் பாதியை மறைத்துவிடும். வெயில் நேரடியாக முகத்தில் படக்கூடாது, அதிலும் அகச்சிவப்பு ஒளி நிறைய இருக்கிறது. இரட்டைக் குவியக் கண்ணாடியின் கோடு கண்மணியின் குறுக்கே வந்தால் கணக்குப் பிசகும். தூரப் பார்வைக்கோ கணினிக்கோ தனிக் கண்ணாடி இருந்தால் அதைப் போடுங்கள். மாறுகண் இருந்தால் ஒரு கண்ணை மட்டும் தொடரும்படி அமைக்கலாம். கருவியை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள், மின்சாரம் போதாமல் நடுநடுவே அறுந்துபோவது இதனால் குறையும். ஆளை நகர்த்திப் படுக்கவைத்தால், கருவி அவர் பார்வையை அறிந்துகொள்ளத் திரையில் காட்டும் அளவீட்டுப் புள்ளிகளை மீண்டும் ஒருமுறை பார்க்கச் செய்யவேண்டும். காலையில் செய்த அளவீடு மாலைக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

திரையில் எழுத்துகள், பொத்தான்களின் அளவை 150 விழுக்காடாக உயர்த்துவதும், கண் ஓய்வெடுக்கத் திரையில் எதுவும் நடக்காத வெற்றிடம் ஒன்றை ஒதுக்குவதும் அவசியம். உற்றுப் பார்ப்பவர் இமைக்க மறப்பார், கண் உலரும். முதல் வாரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கடைசியாகத் தமிழ்த் தட்டச்சு. திரையில் தெரியும் விசைப்பலகையில் ஒரு விசைக்கு ஒரு நொடி நிறுத்தம், அடுத்த விசைக்குப் போக 0.4 நொடி என்று கொள்வோம். 'வணக்கம்' என்று எழுத ரோமன் எழுத்து வழியில் (vaNakkam) எட்டு விசை, ணகரத்துக்கு ஷிப்ட் வேண்டியிருந்தால் ஒன்பது, அதாவது 12.6 நொடி. தமிழ் எழுத்துகளே விசைகளாக உள்ள தமிழ்99 விசைப்பலகையில் வ, ண, க, க, ம, புள்ளி என ஆறு விசை, 8.4 நொடி. அடுத்தடுத்து ககரம் வந்தால் முதலாவதுக்கு அது தானே புள்ளி வைத்துவிடுகிறது. விரலால் தட்டுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்கக் கண்ணால் எழுதுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். எனவே கண்ணால் எழுதப் பழகுபவருக்குத் தொடக்கத்திலேயே தமிழ்99 கற்றுக்கொடுங்கள். தமிழ் விசைப்பலகை செய்யும் நிரலாளர்கள், ஒவ்வொரு விசையும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத பெரிய பலகை ஒன்றையும், சொல் முடிக்குமுன் பரிந்துரைக்கும் வசதியையும், ஒரே பார்வையில் எல்லாவற்றையும் நிறுத்தும் 'ஓய்வு' விசையையும் சேர்த்துத் தர வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்