செங்கடலுக்குப் போக மாட்டேன் என்று எங்கள் பிள்ளைகள் சொல்லலாமா? வெளியுறவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழிலேயே எழுதுகிறேன். இதைத் தங்களுக்குப் படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டியதில்லை என்ற தைரியம்தான்.

நான் கப்பலில் போசனாக, அதாவது தளத்து மாலுமிகளின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன், இருப்பது மும்பை செம்பூரில். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து கப்பல் வேலை தேடி இங்கே வரும் பையன்கள் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத் தாளை என்னிடம் காட்டுவார்கள். சம்பளம், ஓவர்டைம், எத்தனை மாதம் எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். கப்பல் ஓடும் பகுதி என்ற இடத்தில் மட்டும் 'வேர்ல்ட்வைட்'. சிங்கப்பூரும் அதில் அடக்கம், செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டேப் நீரிணையும் அடக்கம்.

2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்த பிறகு நம் கடற்படை செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் ஏவுகணை பட்டு எரிந்த மார்லின் லுவாண்டாவில் 22 இந்தியர்கள் இருந்தார்கள். நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்திலிருந்து போன பத்து வீரர்கள் மணிக்கணக்கில் போராடித் தீயை அணைத்தார்கள். எண்ணெய்க் கப்பலில் தீ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் பத்துப் பேருக்கு என் சல்யூட். மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பல் தாக்கப்பட்டு மூன்று பேர் இறந்தபோது 21 பேரை மீட்டது ஐஎன்எஸ் கொல்கத்தா. அதே கப்பல்தான் சோமாலியக் கொள்ளையர் 35 பேரைப் பிடித்து மும்பை போலீசிடம் ஒப்படைத்தது.

அமெரிக்கா அமைத்த கடற்படைக் கூட்டணியில் சேராமல் தனியாகக் கப்பல்களை அனுப்பியதும் சரியான முடிவு என்பது என் கருத்து. 2024 ஏப்ரலில் எம்எஸ்சி ஏரீஸ் என்ற சரக்குக் கப்பலை ஈரானியப் படை பிடித்தபோது அதில் 17 இந்தியர்கள். தாங்கள் ஈரான் அமைச்சரிடம் பேசினீர்கள். சில நாளில் அந்தக் கப்பலில் இருந்த கேரளத்துப் பெண் வீடு திரும்பினார், மே மாதம் இன்னும் ஐந்து பேர். யாரோடும் முழுசாக முகம் திருப்பிக்கொள்ளாததால்தானே அந்த போன் எடுக்கப்பட்டது?

ஆனால் இதெல்லாம் கப்பல் அடிபட்ட பிறகு, ஆள் பிடிபட்ட பிறகு. அதற்கு முன்னால்?

கெம் புளூட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் குஜராத்துக்கு அப்பால் ட்ரோன் தாக்கி மும்பைக்கு வந்து சேர்ந்த கப்பல். கொடி லைபீரியா, உரிமையாளர் ஜப்பான், நடத்தியது நெதர்லாந்துக் கம்பெனி. உள்ளே இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் நம் ஆட்கள். உலகக் கப்பல்களில் வேலை செய்பவர்களில் பத்தில் ஒருவர் இந்தியர் என்று பெருமையாகச் சொல்கிறோம், நியாயம்தான். ஆனால் கடல் சட்டப்படி அந்தக் கப்பலுக்குப் பொறுப்பு கொடி நாடு, அதாவது கப்பல் பதிவான நாடு. லைபீரியாவா தூத்துக்குடி அம்மாவுக்கு போன் பண்ணப் போகிறது? அந்த அம்மா மொபைலில் கப்பல் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆபத்தான பகுதி வந்ததும் கப்பல் இருக்கும் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியை கேப்டன் அணைத்துவிடுவார். புள்ளி காணாமல் போகும். அது பாதுகாப்புக்குத்தான் என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை.

பன்னாட்டுத் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல் என்றால் போர்ப் பகுதி என்று அறிவித்த கடலுக்கு வர மாட்டேன் என்று சொல்லலாம். கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும், போகச் சம்மதித்தால் அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. அந்த ஒப்பந்தம் இல்லாத கப்பலில் ஏறுபவனுக்கு? பிலிப்பைன்ஸ் தன் ஆட்களுக்கு மறுக்கும் உரிமை உண்டு என்று அரசாகவே அறிவித்தது. நம் பையன் ஒருவன், பெயர் வேண்டாம், 'நான் இறங்கிக்கொள்கிறேன்' என்று கேட்டான். இறங்கலாம், டிக்கெட் உன் காசு, அப்புறம் இந்த ஆபீஸ் பக்கம் வராதே என்று பதில் வந்தது. ஊரில் கடன் இருந்தது. போனான்.

அதனால் கேட்கிறேன். இந்தியாவில் உரிமம் பெற்ற எந்த ஏஜென்ட் வழியாகப் போனாலும், எந்தக் கொடிக் கப்பல் ஆனாலும், போர்ப் பகுதிக்குப் போக மறுக்கலாம், அதற்காக வேலை போகாது என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். உரிமம் கொடுக்கும் கப்பல் துறை இயக்குநரகம் வேறு அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்பது தெரியும். ஆனால் எந்தக் கடல் எப்போது ஆபத்து என்று முதலில் தெரிவது தங்கள் தூதரகங்களுக்குத்தானே.

இன்னொன்று, கடலோடிகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 2018-இல் வந்த திருத்தப்படி, கொள்ளையர் பிடித்து வைத்திருக்கும் காலம் முழுக்கச் சம்பளம் ஓட வேண்டும். ஒரு நாட்டின் படையே பிடித்துக்கொண்டு போனால் என்ன என்பது அதில் இல்லை. ஏரீஸ் பையன்கள் மாட்டியது அப்படித்தான். நாமும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. இத்தனை ஆட்களை அனுப்பும் நாடு, அந்த உடன்படிக்கையைப் பேசும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இருக்கும் ஜெனீவாவில், இதையும் சேர்க்கும் திருத்தத்தைக் கேட்டால் மறுப்பது எளிதல்ல.

அமைச்சகம் இதில் என்ன செய்யப் போகிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஒப்பந்தத் தாளோடு என்னிடம் வரும் பையன்களிடம் நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன் ஒருவர்,
செம்பூர், மும்பை