வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கும் உணவு வங்கி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வசதியற்றோருக்கு இலவசமாக உணவுப் பொருள்கள் வழங்கும் ரொறன்ரோவின் உணவு வங்கிகளுக்கு முன்னால் நீளும் வரிசைகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை, விலைவாசி, வேலையின்மை குறித்து அதில் சொல்லப்பட்டவை யாவும் சரியே. ஆயினும், அந்த வரிசைக்கு வந்து சேரவே முடியாத முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஸ்காபரோவில் ஓர் உணவு வங்கியின் பொதிகளைச் சனிக்கிழமைகளில் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கனடாவின் முதலாவது உணவு வங்கி 1981இல் எட்மன்ரனில் தொடங்கியது. ரொறன்ரோவில் டெயிலி பிரெட் என்ற உணவு வங்கி 1983இல் வந்தது. பொருளாதார நெருக்கடி தீர்ந்ததும் இவற்றை மூடிவிடலாம் என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். ஆனால் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் மட்டும் ரொறன்ரோவின் உணவு வங்கிகளுக்கு மக்கள் ஏறத்தாழ 34 இலட்சத்து 90 ஆயிரம் தடவைகள் வந்துபோயிருக்கிறார்கள் என்று டெயிலி பிரெட்டின் அறிக்கை சொல்கிறது.

இதில் மாற்றுத்திறனாளிகளின் நிலையை விளங்கிக்கொள்ளப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஒன்ராறியோவின் மாற்றுத்திறனாளிகள் ஆதரவுத் திட்டத்தின் கீழ்த் தனியாக வாழும் ஒருவருக்கு 2024 ஜூலையில் கிடைத்த உச்சத் தொகை மாதம் 1,368 டொலர். இந்நகரில் ஓர் அறை வீட்டின் சராசரி வாடகை அதைத் தாண்டிப் போய்ப் பல காலமாகிவிட்டது. 2025 ஜூலையில் மத்திய அரசு ஆரம்பித்த மாற்றுத்திறனாளிகளுக்கான புதிய கொடுப்பனவும் அப்போது மாதத்துக்கு அதிகபட்சம் 200 டொலராகத்தான் இருந்தது. எம்மவரில் பிள்ளைகளின் பொறுப்பில் பிற்காலத்தில் இங்கு வந்த பெற்றோரின் பாடு வேறு. முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவதற்கு இந்நாட்டில் குறைந்தது 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், அவர்களைப் பொறுப்பேற்ற பிள்ளைகள் 20 ஆண்டுகள் பராமரிப்பதாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பிள்ளையின் வேலை போனாலோ குடும்பம் பிரிந்தாலோ அந்தத் தாய் தகப்பனுக்குக் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று அவர்கள் வெளியே சொல்வதுமில்லை.

இத்தகையவர்களுக்கு உணவு வங்கி இருக்கிறது என்று சொல்வது எளிது. அங்கு போய் வருவது எப்படி என்பதுதான் கேள்வி. முழங்கால் தேய்ந்த ஓர் அம்மா தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு, பனி குவிந்த நடைபாதையால் பேருந்துத் தரிப்பிடம் வரை நடந்து, திறப்பதற்கு முன்பே வந்து வரிசையில் நின்று, பின்னர் தகர உணவுகளின் பாரத்தோடு அதே வழியால் திரும்ப வேண்டும். ஸ்காபரோவின் மூன்றாம் இலக்கத் தொடருந்துப் பாதை 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டதால், அதை நம்பியிருந்தவர்களும் இப்போது பேருந்தில்தான் ஏறி இறங்குகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர், மாற்றுத்திறனாளிகளை ஏற்றிச்செல்லும் நகரப் போக்குவரத்துச் சேவையான வீல் ட்ரான்ஸ் வண்டியை முன்கூட்டியே பதிவு செய்துவிடலாம். ஆனால் வரிசை எப்போது நகரும் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாதே! திரும்பும் வண்டி வந்துவிட்டதென்று வெறுங்கையோடு போனவர்களும் உண்டு.

ஆகவேதான் பல உணவு வங்கிகள் வீட்டு விநியோகத்தைத் தொடங்கின. பொதியை வாசலில் வைத்துவிட்டு வருவதோடு முடிகிற வேலை அல்ல இது. முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, காது மந்தமானவர்களுக்கு இரண்டு மூன்று தடவை சொல்லி, நீரிழிவு உள்ளவர் யார், சைவம் மட்டும் உண்பவர் யார், மாட்டிறைச்சி ஆகாதவர் யார் என்று பார்த்துப் பொதி கட்ட வேண்டும். மூட்டு வாதத்தால் விரல்கள் மடங்காத ஒருவருக்குத் திறப்பான் தேவைப்படும் தகரங்களைக் கொடுத்தால் அவை அலுமாரியில்தான் கிடக்கும். வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறக்கும் தகரங்களையே தேடி எடுத்து வைக்கிறோம். மாடிக் குடியிருப்புகளில் மின்தூக்கி பழுதென்றால் படியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. கதவைத் திறக்க உள்ளே இருப்பவருக்கு நேரமெடுக்கும், காத்திருக்க வேண்டும். மருந்து முடிந்துவிட்டதென்றோ வந்த கடிதம் விளங்கவில்லையென்றோ அவர் சொல்வது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான். அதைச் சமூக சேவையாளருக்குச் சொல்லி ஆவன செய்விப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்துவிட்டது.

இங்கே நான் சற்று வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. தைப்பொங்கலை ஒட்டி எம் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உணவு சேகரித்து உணவு வங்கிகளுக்குக் கொடுக்கின்றன. இது பாராட்டப்பட வேண்டிய பணியே. ஆனால் 40 இறாத்தல் அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனபின், அவற்றைச் சிறு பைகளாகப் பிரிப்பதற்கும் மாசி, பங்குனி மாதங்களில் வீடு வீடாகக் கொண்டுபோவதற்கும் ஆட்களைத் தேடினால் கிடைப்பதில்லை. அரிசி வருகிறது, அதை ஓட்டிச்செல்ல ஒரு காரும் அதைத் தூக்க இரண்டு கைகளும் வருவதில்லை. சங்கங்கள் ஒவ்வொன்றும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைப் பொறுப்பேற்றால் போதும். பொருளாகவே கொடுக்க விரும்புவோர் நான்கு இறாத்தல் அளவிலான பைகளில் சிவப்பரிசி, மைசூர்ப் பருப்பு, பால்மா, குரக்கன் மா, உப்புக் குறைந்த தகர மீன் என்பவற்றைக் கொடுக்கலாம். எது எப்போது தேவை என்று தெரிந்து வாங்க உணவு வங்கிக்கு உதவுவது என்னவோ பணந்தான்.

இளையோருக்கும் இதில் இடமுண்டு. ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் பெற மாணவர் ஒவ்வொருவரும் 40 மணிநேரச் சமூகப் பணி செய்ய வேண்டும். அந்த நேரத்தை எங்கே கழிப்பதென்று பெற்றோர் கடைசி ஆண்டில் ஓடித் திரிவதை நாம் காண்கிறோம். பெற்றோர் காரை ஓட்ட, பிள்ளை பொதியைத் தூக்கிக்கொண்டு போய்த் தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. முதியோரின் வீடுகளுக்குச் செல்லும் வளர்ந்த தொண்டர்களிடம், குற்றப் பதிவு இல்லை என்ற காவல்துறைச் சான்று கேட்பார்கள். அதைக் கேட்டதும் பின்வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தனியே வாழும் ஒருவரின் கதவைத் தட்டப் போகிறவரிடம் அதைக் கேட்பது நியாயந்தான்.

வீட்டு விநியோகம் இருப்பது அதை வேண்டுவோர் பலருக்குத் தெரியாது. அவர்கள் இணையத்தில் தேடுவதில்லை, உங்கள் பத்திரிகையைக் கடையில் எடுத்து வந்து முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறார்கள். எனவே மரண அறிவித்தல்களும் அரங்கேற்ற விளம்பரங்களும் வரும் பக்கத்தில், எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிக்கு எந்த உணவு வங்கி பொதிகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது, தமிழில் பேச எந்த நேரத்தில் எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்ற விவரங்களைப் பெரிய எழுத்தில் வாரந்தோறும் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றைத் திரட்டித் தருவதற்கு எங்கள் தொண்டர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ