அந்த ஃபாக் லைட் படத்தில் ரிலே எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், காருக்கு ஃபாக் லைட்டை நாமே வீட்டில் மாட்டிக்கொள்வது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. ஃபாக் லைட் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பனி இறங்கிய ராத்திரியில் கோத்தகிரி மலைப்பாதையின் குஞ்சப்பனை வளைவுகளில் ஹை பீம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டியது போலத்தான் இருக்கும். பம்பரில் தாழ்வாக மாட்டிய விளக்குதான் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டையாவது காட்டும். என் சண்டையெல்லாம் அந்த வயரிங் படத்தோடுதான்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர் சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து இரண்டு விளக்குக்கும். படம் அவ்வளவுதான். ரிலேயும் (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் குட்டிப் பெட்டி) இல்லை, ஃபியூஸும் இல்லை.

55 வாட் ஹாலஜன் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்பதைத் தாண்டும். அத்தனையும் டேஷ்போர்டில் இருக்கும் குட்டி சுவிட்ச் வழியாகப் போனால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். என் பழைய மாருதி 800-க்கு இதே மாதிரி நானே வயர் இழுத்து மாட்டியிருந்தேன். ஒரு டிசம்பர் ராத்திரி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது கருகல் வாடை. முன்னால் போன லாரியின் பிரேக் வாடை என்று நினைத்து இன்னும் இரண்டு வளைவு ஏறிவிட்டேன். அப்புறம் சுவிட்சைத் தொட்டால் வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டியது. உள்ளே உருகிப் பிடித்துக்கொண்டதால் சுவிட்ச் வேலை செய்யவில்லை; வயர் பேட்டரியிலிருந்து நேராக வந்ததால் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தும் விளக்கு அணையவில்லை. கொட்டும் பனியில் என் மனைவி டார்ச் பிடிக்க, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் அணைந்தது. அதற்கப்புறம் அவர் கேட்டவற்றை இங்கே எழுத முடியாது.

ரிலே போட்டால் சுவிட்ச் வழியாகப் போவது அரை ஆம்பியர்கூட இருக்காது. ரிலேயின் ஒவ்வொரு காலிலும் ஓர் எண் இருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் கனமான வயர் 30-ஆம் காலுக்கு. 87-லிருந்து விளக்குகளுக்கு. சுவிட்ச் வயர் 86-க்கு, 85-லிருந்து பாடிக்கு எர்த். ஐந்து கால் ரிலே வாங்கினால் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதில் விளக்கைக் கொடுத்தால் சுவிட்ச் போடாதபோது எரியும், போட்டால் அணையும்! சுவிட்சுக்கு வரும் கரண்டைப் பார்க் லைட் வயரிலிருந்து எடுப்பது உத்தமம். மறந்துபோய் இறங்கினாலும் மற்ற விளக்குகளோடு இதுவும் அணைந்துவிடும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்காது.

ஃபியூஸ் 15 ஆம்பியர், பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. நடுவழியில் வயர் தோலுரிந்து பாடியில் பட்டால் பற்றிக்கொள்வது பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட துண்டுதான். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லாமல் வயரை நுழைத்தால் அந்தத் தோலுரிதல் எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி ஓட்டியவர்களையும் எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன்.

விளக்கு மங்கலாக எரிந்தால் உடனே பல்பை மாற்றச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். முதலில் விளக்கின் எர்த் வயரைப் பாடியோடு இறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பைசா செலவில்லை.

அடுத்த இதழில் திருத்தப்பட்ட படத்தைப் போட வேண்டுகிறேன். ஒன்றை வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கோடுகள் கோணல்தான், கால் எண்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

ஒரு வாசகர்,
கோத்தகிரி