மாடு வளர்க்கிற ஆக்கள்ற சங்கத்து ஆண்டறிக்கை 2024, கூட்டத்துக்கு வராத ஆக்களும் வாசிக்கட்டும்

தலைவர், பொருளாளர், முன்கதிரையில இருக்கிற மூத்த பட்டிக்காரர், பின்னால மாமரத்துக்குக் கீழ நிண்டு கதைச்சிக்கொண்டு இருக்கிற மற்ற ஆக்கள், எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் அறிக்கை நீளம் எண்டு கனபேர் இடையில எழும்பிப் போன, அதால இந்த முறை எத்தினை கூட்டம் கூடின, யாருக்குக் கடிதம் எழுதின எண்ட கதையெல்லாம் விட்டுட்டன், அதெல்லாம் கூட்டக் கொப்பியில கிடக்கு, வேணுமெண்டா வந்து பாருங்க. வரவு செலவு பொருளாளர் வாசிப்பார். நான் சொல்லப்போறது முக்கால்வாசியும் பாதை (வாவியக் கடக்கிற மிதவை) ஏறிப் போனா அங்கால மெயின் ரோட்டடியில இருக்கிற மிருக டொக்டர் மிஸ்ஸிட கிளினிக்கப் பத்தித்தான், ஏனெண்டா இந்த வருசம் நாம செஞ்சம் எண்டு நெஞ்சத் தட்டுற வேலையில பாதிக்கு மேல அவ செஞ்சது.

முதல்ல நாய் ஊசி. செப்டம்பர் 28 உலக விசர்நாய்க்கடி தினம், லூயி பாஸ்டர் செத்த நாள் அது, 1885ல முதன்முதல் ஒரு பொடியனுக்கு விசர்நாய்க்கடி ஊசி போட்டுக் காப்பாத்தின மனுசன். ஜனாதிபதி எலெக்சன் முடிஞ்சு சரியா ஒரு கிழமை, சனிக்கிழமை, அண்டைக்குத்தான் நம்மட ஊரில ஊசி போட்ட, ஆக்கள் எல்லாம் இன்னும் அந்தக் கதையிலதான். நாய் ஊசிய 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில வைக்கணும், சூடானாலும் பழுது, ஐஸோட ஒட்டி உறைஞ்சாலும் பழுது, அதால மிஸ் ஐஸ் பொக்ஸுக்குள்ள பேப்பர் சுத்தி, அதுக்குள்ள மருந்து வச்சு, மடியில தூக்கி வச்சிக்கொண்டு குருக்கள்மடத்துல பாதை ஏறி அம்பிளாந்துறையில இறங்கி வந்தவ. நாம செஞ்ச ஏற்பாடு என்னெண்டா ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு பிளேன்ரீ. நாய் கொண்டு வந்தது முழுக்க பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீலைத்துண்டால கட்டி, சைக்கிள்ல முன்னுக்கு இருத்தி, ஒரு பிள்ளை உரப்பையில தலைய மட்டும் வெளியில விட்டுக் கொண்டு வந்தது. பெரிய ஆக்கள்ற வளவு நாய் ஒண்டும் வரல்ல. நூறு நாயில எழுபதுக்காவது ஊசி போட்டாத்தான் நோய் ஊருக்குள்ள சுத்துறது நிக்கும் எண்டு மிஸ் விளங்கப்படுத்தின, நாம அந்தக் கணக்குக்குக் கிட்டவும் இல்ல, இத நான் ஒளிக்க விரும்பல்ல.

அண்டைக்கு அவ சொன்ன ஒரு விசயத்த இஞ்ச திரும்பச் சொல்லணும், ஏனெண்டா மாடு வச்சிருக்கிற நமக்குத்தான் அது. விசர் மாட்டுக்கும் வரும். வாயால வீணி வடியும், தண்ணி குடிக்க ஏலாம நிக்கும், நாம என்ன செய்யிறம், தொண்டையில மாங்கொட்டை இறுகிட்டு எண்டு வாய்க்குள்ள கைய விடுறம். விடாதீங்க. நாய் கடிச்சா, கீறினா, உடன சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போங்க, மஞ்சள் வைக்கிறது, சுண்ணாம்பு வைக்கிறது எல்லாம் வேணாமே வேணாம். நோய்க்குணம் தெரிஞ்சதுக்குப் பிறகு ஒரு மருந்தும் இல்ல.

மறுகா தயிர் விசயம். ஆர் எண்டு பேர் சொல்லல்ல, அவர் இஞ்சதான் இருக்கார், சிரிக்கிறார். அவர்ர எருமைத் தயிர் மூணு நாள் தொடர்ந்து உறையல்ல, முட்டி முட்டியா பாலாவே கிடந்து மணம் பழுதாப் போன. கண்ணூறு எண்டாங்க, முட்டி சரியாச் சுடல்ல எண்டாங்க, மருமகள்ற கைராசி எண்டும் ஒரு கதை வந்த, அந்தப் பிள்ளை அழுதது. கடைசியா கிளினிக்குக்கு ஃபோன் அடிச்சா, மிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டவ, "அண்ணன், எந்த எருமைக்கும் ஊசி போட்டீங்களா?" போட்டிருக்கார், மடிவீக்கத்துக்கு, கடையில கேட்டு வாங்கித் தானே போட்டிருக்கார். அந்த மருந்து பால்ல இறங்கும், நோய்க்கிருமியக் கொல்லுற மருந்துக்கு தயிர உறைய வைக்கிற கிருமி எது, நோய்க்கிருமி எது எண்டு தெரியாது, ரெண்டையும் கொல்லும். போத்தல்ல போட்டிருக்கிற நாள்க்கணக்கு முடியுமட்டும் அந்தப் பால விக்கவும் குடிக்கவும் கூடாது. மருமகள்ட்ட ஆரும் மன்னிப்புக் கேட்டதா எனக்குத் தெரியா, அது சங்கத்து வேலை இல்லத்தான், ஆனா சொல்லாம இருக்க மனம் கேக்கல்ல.

கண்டு கலையிற பிரச்சினையும் இந்த வருசம் வந்த. அஞ்சு மாசத்துக்குப் பிறகு சினை கலைஞ்சா புருசெல்லா எண்ட நோயா இருக்கலாம், அது மனுசருக்கும் தொத்தும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், மூட்டு நோகும், மலேரியாவா டெங்குவா எண்டு அலைஞ்சு திரிவம். வெறுங்கையால நஞ்சுக்கொடிய இழுக்க வேணாம், நாய்க்கு எறிய வேணாம், ஆழமாத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாழுங்க, பச்சைப்பால் குடிக்கிற பழக்கத்த விடுங்க, காய்ச்சிக் குடிங்க. ரெண்டு வீட்டில கலைஞ்சத மறைச்சவங்க, மாடு விலை போகாது எண்டு. விலை போகாதுதான், ஆனா வாங்கினவன்ர பட்டியும் நம்மட ஊர்ப் பட்டிதானே.

மேய்ச்சல் தரைக் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். பெரும்போகம் வயல் வட்டையில தொடங்கினா மாட்ட வட்டைக்குள்ள வச்சிருக்க ஏலாது, கொண்டு போகத் தரை வேணும். மயிலத்தமடு, மாதவணைப் பக்கத்து ஆக்கள் 2023 செப்டம்பர்ல மேய்ச்சல் தரையக் கேட்டு சித்தாண்டியில குந்தின குந்து, அதுக்கு நம்மட ஆக்களும் போய் வந்தாங்க, அதுக்கு மேல இந்த அறிக்கையில எழுத ஒண்டும் புதுசா இல்ல.

நவம்பர் கடைசி வெள்ளம். பாதை நிண்டுட்டு, மண்முனைப் பாலம் 2014ல இருந்து இருக்குத்தான், ஆனா பாலத்துக்குப் போற நம்மட ரோட்டே தண்ணிக்குள்ள. அந்த ராவு ஒரு நாகு முதல் கண்டு போட ஏலாம அந்தரப்பட்டது. ரெண்டு முன்னங்காலும் தெரியுது, தலையக் காணல்ல. நாலு பேர் கயிறு கட்டி இழுக்க வெளிக்கிட்டாங்க, நான்தான் ஃபோன மிஸ்ஸுக்குப் போட்டன். இழுக்க வேணாம் எண்டு கத்தினா, கைய முழங்கை வரைக்கும் சவுக்காரம் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, கண்ட உள்ளுக்குத் தள்ளிப்போட்டு, மடிஞ்சு கிடக்கிற தலையத் தேடி முன்னுக்குத் திருப்புங்க எண்டு ஒவ்வொண்டாச் சொன்னா, சார்ஜ் ரெண்டு வீதம் இருக்கேக்க கண்டு வெளியில வந்த. செத்துத்தான் வந்த. நாகு தப்பிட்டு, இப்ப நல்லா மேயுது. 2022 டிசம்பர்க் குளிருல வடக்குக் கிழக்கில ஆயிரத்துக்கு மேல மாடு செத்தது நினைவிருக்கும், அத நினைச்சு இந்த முறை மேட்டுல படங்கு கட்டினவங்கள்ற மாடு நனையாம நிண்டது. எருமைக்குத் தொண்டை அடைப்பான் ஊசி மழைக்கு முன்னமே போடணும் எண்டு வட்ஸ்அப் குரூப்பில மூணு தரம் போட்டன், மூணு தரமும் கைகூப்பிப் படம் போட்டீங்க, ஊசி போட்டது கொஞ்சப்பேர்.

இனி கசப்பான விசயம். தை பிறந்த பிறகு கிளினிக்குக்குப் போனன், நன்றி சொல்லிப்போட்டு வாற எண்டு. உதவிக்கு நிக்கிற பொடியன் கடன் கொப்பியத் திறந்து மேசையில வச்சிருந்தவன், நான் பாக்கணும் எண்டு வைக்கல்ல, ஆனா பாத்திட்டன். பக்கம் பக்கமா நம்மட ஊர்ப் பேர், என்ர பேரும் ஒரு இடத்தில, ஆட்டுக்குப் பூச்சி மருந்து எடுத்த காசு, மறந்தே போயிட்டன். மிஸ் அதப்பத்தி வாய் திறக்கல்ல, நாகு எப்பிடி எண்டு மட்டும் கேட்டவ. நான் அண்டைக்கே என்ர காசக் குடுத்திட்டன். நெல் வெட்டினாப் பிறகு குடுப்பம் எண்டு நினைச்சிருக்கிற ஆக்கள் உண்மையாவே நெல் வெட்டினாப் பிறகு குடுங்க. முழுக்க ஏலாட்டி பாதி. நிர்வாக சபையில ஒரு யோசனை வந்திருக்கு, சந்தாக் காசில ஒரு பங்க அவசர மருந்துக்கு எண்டு ஒதுக்கி வைக்கிற, அத இண்டைக்குக் கைதூக்கி முடிவெடுங்க, அடுத்த வருசத்துக்குத் தள்ள வேணாம்.

கடைசியா ஒண்டு. செப்டம்பர் 28 பின்னேரம் மேசையடியில மிஸ் வச்சிட்டுப் போன ஐஸ் பொக்ஸ், நீலநிறம், மூடியில ஒரு வெடிப்பு, அத இன்னும் காணல்ல. மீனுக்கு எடுத்த ஆக்கள் கழுவிப்போட்டு சங்கக் கட்டடத்து வாசல்ல வைச்சாக் காணும், ஆர் எண்டு நான் கேக்கமாட்டன்.

செயலாளர்