டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு கொடுக்கும் நாட்களில்தான் சேலத்திலும் ஏற்காட்டிலும் சில பெற்றோரைத் தனியே அழைத்து, "அடுத்த வருஷத்துக்கு வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். சொல்லும் காரணம் பலவிதம். கட்டண பாக்கி, படிப்பு மட்டம், சேட்டை அதிகம், நிறைய நாள் லீவு, தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் கொடுத்த முகவரி சரியில்லை. காரணம் எதுவானாலும் கடைசியில் பள்ளி கேட்பது ஒரே ஒரு தாள்தான். "என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று பெற்றோர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள். அதை எழுதிக் கொடுக்காதீர்கள் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

அந்தத் தாளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 2009ஆம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், தொடக்கக் கல்வியை, அதாவது 8ஆம் வகுப்பை, முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019ல் அந்தப் பிரிவைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தார்கள். வெளியேற்றக் கூடாது என்ற வரியில் கை வைக்கவில்லை. ஆகவே பள்ளி தன் கையால் ஒரு குழந்தையை நீக்கினால் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பெற்றோரே கேட்டதாக இருந்தால் நீக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். டி.சி. கேட்டுப் பெற்றோர் விண்ணப்பித்த நாள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு தேதி ஏறிவிட்டால், பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் முதலில் அந்தத் தேதியைத்தான் காட்டுவார்கள்.

வெள்ளிப் பட்டறைக்கும் தறிக்கும் போகிற தாய் தகப்பன் பள்ளி அலுவலகத்தில் நின்றுகொண்டு "யோசிச்சு சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வருவது லேசான காரியம் அல்ல. ஆனாலும் அன்றைக்குச் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். எதிலும் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"எங்கள் குழந்தை தங்கள் பள்ளியில் 4ஆம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறது. (தேதி) அன்று தங்களைச் சந்தித்தபோது அடுத்த கல்வியாண்டில் இடம் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். நாங்கள் மாற்றுச் சான்றிதழ் கேட்கவில்லை. குழந்தையை நீக்க முடிவு செய்திருந்தால் காரணத்தையும், எந்த விதியின் கீழ் என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். பள்ளி திறக்கும் நாளில் குழந்தை வழக்கம்போல் வகுப்புக்கு வரும்."

குழந்தையின் பெயர், எமிஸ் எண் (கல்வித் துறையின் இணையதளத்தில் மாணவருக்குள்ள எண்), பெற்றோர் கைப்பேசி எண் சேர்த்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம், நேரே அஞ்சலகம் போங்கள். பதிவுத் தபால் 2025ல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. எனவே ஸ்பீட் போஸ்டில் அனுப்பும்போதே 'பதிவு' வசதியும் சேர்த்துக் கேளுங்கள். ரசீதும், கடிதம் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சும் பின்னால் சான்றாக உதவும்.

பள்ளி திறக்கும் நாளில் குழந்தையைச் சீருடையில் அனுப்பியே ஆக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். அவமானமாக இருக்கிறது, குழந்தை அழுகிறது என்று வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் 'வரவில்லை' என்று ஏறுகிறது. ஒரு மாதம் கழித்து, "நாங்கள் நீக்கவில்லை, பிள்ளைதான் வரவில்லை" என்கிறது பள்ளி. வாசலில் நிறுத்தினால் தேதி, நேரம், நிறுத்தியவர் யார் என்று குறித்துக்கொண்டு அன்றே இரண்டாவது கடிதம் போடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு சான்றுதான். ஆனால் குழந்தையை வாசலில் மணிக்கணக்கில் நிற்க வைக்காதீர்கள். கூட்டிப் போனோம், உள்ளே விடவில்லை என்பது பதிவானால் போதும்.

அடுத்து முறையீடு. சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். இரு தரப்பையும் விசாரித்து 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பாதகமாக வந்தால் சென்னையிலுள்ள மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) மனு எழுதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். 2022ல் கல்வித் துறையை மாற்றி அமைத்தபோது தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று மாவட்டக் கல்வி அலுவலர்களைப் பிரித்தார்கள். தவறான மேசைக்குப் போன மனு பல வாரம் அங்கேயே கிடக்கும்.

மனுவில் மறக்காமல் சேர்க்க வேண்டிய வரி ஒன்று உண்டு: "இறுதி முடிவு வரும்வரை குழந்தையை அதே பள்ளியில் வகுப்பில் அமர அனுமதிக்குமாறு பள்ளிக்கு உத்தரவிட வேண்டும்." மூன்று மாதம் என்பது காலாண்டுத் தேர்வே முடிந்துவிடுகிற காலம். இந்த வரி இல்லாத மனுவில், தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தாலும் பிள்ளைக்குப் படிப்பு போனது போனதுதான். இதே மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம். அங்கே ஒரு மனு எண் கிடைக்கும், அதை வைத்துப் பின்தொடரலாம். கல்வித் துறையின் 14417 உதவி எண் வழி கேட்க உதவும், எழுத்து மனுவுக்கு அது ஈடாகாது.

விசாரணைக்குக் கூப்பிட்டால், பெரும்பாலும் சமரசம்தான் முதலில் வரும். "டி.சி. வாங்கிக்கோங்க, வேற நல்ல ஸ்கூல்ல நாங்களே சேத்து விடறோம்" என்பார்கள். நல்ல மனதோடு சொன்னாலும், ஒப்புக்கொண்டால் மனு முடிந்துவிடும். அதே பள்ளியில் தொடர்வதுதான் நோக்கம் என்றால் அதைச் சொல்லி, முடிவைச் 'செயல்முறைகள்' ஆணையாக எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாய்மொழி முடிவை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. அலுவலகத்துக்குப் பள்ளி என்ன விளக்கம் கொடுத்தது என்று தெரிய வேண்டுமானால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எமிஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் தளத்தில் ஒரு எண் இருக்கிறது. பழைய பள்ளி அந்தப் பெயரைக் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குத் தள்ளிய பிறகே புதிய பள்ளி தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும். பெற்றோருக்குத் தெரியாமலே பெயரைத் தள்ளிவிட்டால், காகிதத்தில் எதுவும் இல்லாமல் குழந்தை பள்ளியை விட்டுப் போனதாகிவிடும். சந்தேகம் வந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எமிஸ் எண்ணைக் கொடுத்து நிலை என்ன, எந்தத் தேதியில் மாறியது என்று கேளுங்கள். கையெழுத்திட்ட விண்ணப்பம் இல்லாமல் பெயர் நகர்ந்திருந்தால், உங்கள் வழக்குக்கு அதைவிட வலுவான சான்று கிடையாது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், டி.சி.யைக் கையில் வாங்கும் முன் "என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதி, எந்தச் சூழ்நிலையில் எழுதிக் கொடுக்க நேர்ந்தது என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். நாள் கடக்கக் கடக்க இதன் பலம் குறையும்.

கட்டண பாக்கிக்காக வெளியேற்றுவது தனிக் கதை. நிலுவையை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழிகள் உண்டு, பிள்ளையைப் பிணையாக வைக்க முடியாது. பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்திவைக்கக் கூடாது, டி.சி.யில் பாக்கி பற்றி எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. கேட்கிற தொகை கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்ததுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளுக்கு வேறு விதமான தொல்லை. குலுக்கலில் பெயர் வந்து சேர்ந்த பிறகு, வருமானச் சான்று சரியில்லை, பிறப்புச் சான்றில் இனிஷியல் வேறு, வீடு 1 கிலோமீட்டருக்கு மேல் என்று ரத்து செய்யப் பார்ப்பார்கள். எழுத்துப் பிழைக்கும் மோசடிக்கும் வேறுபாடு உண்டு. பிழை என்றால் திருத்திய சான்று கொடுக்க அவகாசம் கேளுங்கள். தூரம் என்றால் எங்கிருந்து எங்கே, எப்படி அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சேர்க்கைக்குப் பிறகு வாடகை வீடு மாறியது பிள்ளையை நீக்கக் காரணம் ஆகாது. வருமானம் 2 லட்சத்துக்கு மேல் இருந்தும் குறைத்துக் காட்டிச் சான்று வாங்கியிருந்தால், அந்த ஒதுக்கீட்டு இடத்தைக் காப்பாற்ற முடியாது. அப்படி யாரும் செய்ய வேண்டாம். வசதி இல்லாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடம் அது.

சட்டத்தின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 16ஆம் பிரிவு 9ஆம் வகுப்புக்குப் பொருந்தாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்துக்காக 9ஆம் வகுப்பில் பிள்ளைகளைக் கழித்துவிடும் பள்ளிகள் தைரியமாக இருப்பது இதனால்தான். அங்கே விளக்கம் கேட்காமல், காரணம் எழுதாமல் நீக்கினார்கள் என்பதை வைத்துத்தான் வாதாட வேண்டும். கட்டணம் கட்டிச் சேர்ந்த எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கும் இந்தப் பிரிவு நேரடியாக உதவாது, ஏனெனில் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயதுவரை. சிறுபான்மை அந்தஸ்து பெற்ற பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறியது. ஏற்காட்டில் பழைய கான்வென்ட் பள்ளிகள் பல இருப்பதால், மனு எழுதும் முன் அந்தஸ்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை "எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று அனுப்பினால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தையும் மனுவில் சேர்க்க வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதிலும் 16ஆம் பிரிவில்தான் வருகிறது.

ஏற்காட்டு மலையில் நிலைமை இன்னும் கடினம். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் காலம். தாய் தகப்பன் எஸ்டேட்டுக்கோ வெளியூருக்கோ போகும்போது பிள்ளையும் கூடப் போகிறது. பொங்கல் கழித்துத் திரும்பினால் "பேரை எடுத்தாச்சு" என்று பதில் வருகிறது. நெடுநாள் வராத பிள்ளைக்கும் வயதுக்கேற்ற வகுப்பில் இடம் தந்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. டி.சி. இல்லை என்பதற்காகவோ வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்க முடியாது என்று 5, 14ஆம் பிரிவுகள் சொல்கின்றன. இங்குள்ள மலைவாழ் மலையாளி சமூகத்தாருக்குப் பழங்குடிச் சான்று தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர், அதற்கு நாளாகும். சான்று வரும்வரை பிள்ளை வீட்டில் உட்கார வேண்டியதில்லை. வழக்கு இழுத்தால் எந்தப் பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டாம். பக்கத்து அரசுப் பள்ளியில், "என் மனுவின் முடிவுக்கு உட்பட்டு" என்று எழுதிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடவும் அவர்கள் வழியாகவே கேட்கலாம்.

கல்வித் துறைக்கு எங்கள் கோரிக்கை இரண்டு. 1 முதல் 8ஆம் வகுப்புவரை, பெற்றோர் கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பி ஒப்புதல் பெறாமல் எமிஸில் எந்தப் பெயரையும் காமன் பூலுக்குத் தள்ள முடியாதபடி செய்யுங்கள். ஏற்காடு வட்டாரப் புகார்களை ஜூன், ஜூலை மாதங்களில் வாரம் ஒரு நாள் ஏற்காட்டிலேயே விசாரியுங்கள். நாகலூரிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் ஒரு கையெழுத்துக்காகச் சேலம் இறங்கி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. இரண்டாவது வாய்தாவுக்கு அவர் வராமல் போவதும், மனு தள்ளுபடியாவதும் அதனால்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.