இரண்டு கௌரிகள்

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்குப் பத்து நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். சோம்பல் என்று நினைக்காதே. எங்கள் சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

எக்செலில், ஒரு பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடும் மேட்ச் ஃபங்ஷன் போட்டேன். கடைசியில் 0 போட மறந்தால் அது தோராயமாகத் தேடும் என்பது நினைவிருந்ததால் அதையும் போட்டேன். பாதிப் பேர் காணாமல் போனார்கள்! கண்ணெதிரே இருக்கும் பெயரை இல்லை என்று சாதித்தது. பெயர்களின் வாலில் வெற்றிடம் ஒட்டியிருந்ததுதான் காரணம். அதை நீக்கும் ட்ரிம் ஃபங்ஷன் போட்டதும் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியவை மட்டும் அசையவில்லை. அவற்றில் இருந்தது 160 என்ற குறியெண் கொண்ட இடைவெளி. ட்ரிம் நீக்குவது 32 என்ற சாதாரண இடைவெளியை மட்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடும் சப்ஸ்டிட்யூட் வைத்து அதையும் ஒழித்தேன்.

கடைசியில் மிஞ்சியது ஒரு கௌரி. ஒரு பட்டியலில் சரியாக இருக்கிறார். மற்றதில் யாரோ ஒற்றைக்கொம்போடு ‘ள’ என்ற எழுத்தையே சேர்த்துக் கெளரி என்று அடித்திருக்கிறார்கள். திரையில் வித்தியாசமே தெரியவில்லை. போன மாதம்தான் கண்ணாடியை மாற்றினேன், அதுவும் உதவவில்லை. எழுத்துக்குறிகளை எண்ணிச் சொல்லும் லென் போட்டபோது ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5 என்று வந்தது. அப்போதுதான் பிடிபட்டது.

ஆங்கிலப் பெயர்களில் வேறு கூத்து. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதைச் சமக்குறி கண்டுகொள்ளாது. அந்தக் கறார் வேண்டுமென்றால் எக்ஸாக்ட் போட வேண்டும்.

உன் கணக்கில் இரண்டு தொகைகளும் ஒன்றாகத் தெரிந்தும் ‘ஃபால்ஸ்’ (சமமில்லை) வருகிறது என்று எழுதியிருந்தாய். 43.1-லிருந்து 43.2-ஐக் கழித்து 1-ஐக் கூட்டிப் பார். எக்செலில் வருவது 0.9 அல்ல, 0.899999999999999. இத்தகைய பின்னங்களை இரும எண்களில் முழுமையாக எழுத முடியாது என்பதால் வரும் சிக்கல் இது. இரு பக்கத்தையும் ரவுண்ட் போட்டு இரண்டு தசமத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடு. இன்னொரு காரணமும் உண்டு: ஏதோ ஒரு தொகை எழுத்தாகப் பதிவாகியிருக்கலாம். எக்செலுக்கு எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரிது. எழுத்தாகப் பதிந்த 5, 100-ஐயே மிஞ்சிவிடும். யார் வகுத்த நியாயமோ!

கோப்பை அனுப்பி வை, நானே பார்க்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே?

உன் பழைய தோழன்